கீழே எழுதியவர்களுக்காக

எழுதுவதை நிறுத்திவிட்ட வலைப்பதிவை என்ன செய்வது என்ற கேள்வி ரொம்ப நாளாக எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நான் கடைசியாகப் பதிவு போட்டு வருடங்கள் ஆகின்றன. திரும்ப எழுதப்போவதாக யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் கணக்கை மூடவும் மனம் வரவில்லை. எப்போதாவது கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே போவேன், டாஷ்போர்டைப் பார்ப்பேன், பின்னூட்டம் ஏதாவது மட்டுறுத்தலுக்கு, அதாவது என் ஒப்புதலுக்கு, காத்திருந்தால் வெளியிடுவேன், வந்துவிடுவேன். இது பழக்கமா, பழசின் மேல் விடாத பற்றா, இல்லை உண்மையிலேயே அங்கே காப்பாற்ற வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று உட்கார்ந்து யோசித்ததில்லை. நீண்ட நாள் பயன்படுத்தாத கணக்குகளை நீக்கப்போகிறோம் என்று ஒரு மின்னஞ்சல் வந்தபிறகுதான் யோசித்தே ஆகவேண்டிய நிலை வந்தது.

இந்த மாதிரிக் கடிதம் இப்போது யாருக்கும் புதிதில்லை. கூகுள் 2023 மே மாதம் அறிவித்ததைப் பலரும் படித்திருப்பீர்கள். இரண்டு ஆண்டுகள் எந்தப் பக்கமும் தலைகாட்டாத தனிநபர் கணக்கை, அதில் உள்ள எல்லாவற்றோடும் சேர்த்து நீக்கலாம் என்பது விதி. 2023 டிசம்பர் 1-ஆம் தேதிக்கு முன் நீக்கம் தொடங்காது என்றார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்குக்கும் இரண்டு ஆண்டுதான் கெடு. யாஹூ மெயிலில் பன்னிரண்டு மாதம் உள்ளே போகாவிட்டால் அஞ்சல் பெட்டி காலியாகிவிடும். கூகுள் சொன்ன காரணம் பாதுகாப்பு. கைவிடப்பட்ட கணக்குகளில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு சோதனை) இருப்பதற்கான வாய்ப்பு, புழக்கத்தில் உள்ள கணக்குகளைவிடக் குறைந்தது பத்து மடங்கு குறைவு என்றார்கள். இதில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. யாரோ என் பழைய கணக்குக்குள் புகுந்து, என் பெயரைச் சொல்லி என் வாசகர்களிடம் பணம் கேட்பதை நான் விரும்பமாட்டேன்.

கணக்கை உயிரோடு வைத்திருக்கப் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்பதும் உண்மை. புதிதாகப் பதிவு போட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. உள்நுழைந்த நிலையில் ஓர் அஞ்சலைப் படித்தாலோ, ஒரு காணொளியைப் பார்த்தாலோ, எதையாவது தேடினாலோ போதும், கூகுள் அதைப் பயன்பாடாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அதாவது, செய்ய வேண்டிய வேலை சில நிமிடம். அந்தச் சில நிமிடத்தை எதற்காகச் செலவிடுகிறேன் என்பதற்குத்தான் என்னிடம் பதில் இல்லாமல் இருந்தது.

என் தங்கையிடம் சொன்னேன். அவள் எதையும் சேர்த்து வைக்காதவள், வைக்கச் சொல்லாதவள். "எதுக்குக்கா இன்னும் அதைக் கட்டிக்கிட்டு அழற? அடகு வச்ச நகைக்கு வருஷா வருஷம் வட்டி மட்டும் கட்டிக்கிட்டு இருக்கற மாதிரி இருக்கு. எல்லாத்தையும் இறக்கி ஹார்டு டிஸ்க்கில போட்டுக்க. அப்புறம் மூடிடு. உன் எழுத்து உன்கிட்டயே இருக்கும்ல?" என்றாள். மறுத்துப் பேச எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவள் சொன்னபடியே இறக்கிவிடலாம், அதற்கப்புறம் மூடுவதைப் பற்றி முடிவு செய்துகொள்ளலாம் என்று ஆரம்பித்தேன்.

இறக்கிய கோப்பில் இருந்தது

வலைப்பதிவை முழுதாக இறக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கையில் கிடைப்பது வலைப்பதிவே இல்லை. மென்பொருள் படிப்பதற்கான எக்ஸ்எம்எல் வடிவத்தில் ஒரே நீண்ட கோப்பு. பதிவின் எழுத்துகள் இருக்கும். தலைப்பு, தேதி, குறிச்சொல் எல்லாம் இருக்கும். படங்கள் இருக்காது. படம் இருக்கும் இடத்தின் முகவரி மட்டும் இருக்கும், அந்த முகவரி வேலை செய்யும் வரைதான் படமும். 2017-இல் படங்களைச் சேமித்துவைக்கும் தளமான ஃபோட்டோபக்கெட், தன்னிடம் உள்ள படங்களை வேறு தளங்களில் காட்டுவதைத் திடீரென்று கட்டணச் சேவையாக்கியபோது உலகெங்கும் எத்தனையோ பழைய பதிவுகளில் படம் இருந்த இடத்தில் அறிவிப்புப் பட்டை வந்து நின்றது நினைவிருக்கலாம். என் கோப்பிலும் பாதி முகவரிகள் ஏற்கெனவே செத்திருந்தன. அது எனக்குப் பெரிய வருத்தமாக இல்லை. என் படங்கள் சுமார்தான்.

பின்னூட்டங்களைத் தேடியபோதுதான் நின்றேன். அவையும் கோப்பில் இருந்தன, ஆனால் பதிவின் அடியில் இல்லை. ஒவ்வொரு பின்னூட்டமும் தனித்தனிப் பதிவு போல எங்கோ ஒரு மூலையில் கிடந்தது. எது எதற்குப் பதில் என்பது ஒரு நீண்ட எண்ணில் மட்டும் குறிக்கப்பட்டிருந்தது. மென்பொருளுக்கு அது போதும். கண்ணால் படிப்பவருக்கு, வருடக்கணக்கில் நடந்த ஒரு பேச்சை யாரோ கலைத்துக் கொட்டியது போலத்தான் இருந்தது. நான் குறிப்பாகத் தேடியது ஒரே ஒரு பதிவின் பின்னூட்டங்களை.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து, வீட்டுக்கு அழைத்துவந்த சில வாரங்களில் எழுதிய பதிவு அது. அரைப்பக்கம்கூட இருக்காது. நாங்கள் பேசுவது அம்மாவுக்குப் புரிகிறது, பதில் சொல்ல வாய் திறக்கிறார், சொல் வரவில்லை, வேறு ஏதோ சொல் வந்து விழுகிறது, அதைக் கேட்டு அவருக்கே அழுகை வருகிறது, நாங்கள் என்ன செய்வது என்று மட்டும்தான் எழுதியிருந்தேன். ஆலோசனை கேட்கும் நோக்கம்கூட இல்லை. இரவில் தூக்கம் வராமல் எழுதியது.

அதன் கீழே முதலில் வழக்கமான ஆறுதல்கள் வந்தன. பிறகு, பேச்சுப் பயிற்சி தரும் வேலையில் இருக்கும் ஒருவர் எழுதினார். ஒரு நேரத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ஆம், இல்லை என்று தலையசைத்தே பதில் சொல்லும்படி கேளுங்கள். பேசும்போது டிவியை அணைத்துவிடுங்கள். அவர் சொல்லைத் தேடும்போது நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள், காத்திருங்கள்; நீங்கள் நினைப்பதைவிட அதிக நேரம் காத்திருங்கள். காகிதமும் பேனாவும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். மிக முக்கியமாக, அவர் முன்னால் அவரைப் பற்றி மற்றவர்களிடம் பேசாதீர்கள், அவருக்கு எல்லாம் புரியும். இதில் கடைசி வரியைப் படித்த அன்று நானும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது இன்னும் நினைவிருக்கிறது. நாங்கள் அதுவரை அம்மாவின் கட்டிலருகே நின்றுதான் எல்லாவற்றையும் பேசிக்கொண்டிருந்தோம்.

அடுத்து இன்னொருவர். தன் அப்பாவுக்குத் தன் பெயரைச் சொல்ல வரவில்லை என்றும், ஆனால் ஒருநாள் தான் முணுமுணுத்த பழைய பாட்டின் அடுத்த வரியை அப்பா சொற்களோடு பாடிவிட்டார் என்றும் எழுதியிருந்தார். இது எப்படி என்று நான் கேட்டதற்கு முதலாமவர் வந்து விளக்கினார். பேச்சுக்கான பகுதிகள் பெரும்பாலானவர்களுக்கு மூளையின் இடப்பக்கம் இருக்கின்றன, ராகத்தில் வலப்பக்கமும் பங்கெடுக்கிறது, அதனால் பேச வராதவர்களில் சிலருக்குப் பாட வரும், இதை வைத்தே 1970-களில் ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார்கள், எல்லோருக்கும் பலன் தரும் என்று சொல்ல முடியாது, நம்பிக்கையை அளவாக வைத்துக்கொண்டு முயன்று பாருங்கள் என்றார். முயன்றோம். அம்மாவுக்குப் பாட்டு முழுசாக வரவில்லை. ஆனால் ராகம் போட்டுக் கேட்டால் 'தண்ணி' என்ற சொல் வந்தது. அந்த ஒரு சொல் எங்கள் வீட்டில் என்ன செய்தது என்பதை நான் தனியாகத்தான் எழுத வேண்டும்.

நான் எழுதுவதை நிறுத்தியபிறகும் அந்தப் பதிவு மட்டும் நிற்கவில்லை. எங்கெங்கோ இருந்து, தேடுபொறி வழியாக வந்தவர்கள் கீழே எழுதிக்கொண்டே இருந்தார்கள். கணவருக்கு, மாமியாருக்கு, ஒரு இளைஞனின் அண்ணனுக்கு. ஒருவர் கேட்பார், சில மாதம் கழித்து அதே நிலையைக் கடந்துவந்த வேறொருவர் பதில் சொல்வார். சாப்பிடும்போது புரையேறுவதைப் பற்றி, கோபத்தைப் பற்றி, பார்த்துக்கொள்பவரின் முதுகுவலியைப் பற்றி. நான் அந்த உரையாடலில் பெரும்பாலும் இல்லவே இல்லை. மட்டுறுத்திவிட்டு நகர்ந்துகொண்டிருந்தேன்.

அந்தப் பேச்சுப் பயிற்சியாளரின் பெயரைக் கோப்பில் தேடினேன். கிடைக்கவில்லை. அவர் எழுதியவை எல்லாம் வரிக்கு வரி இருந்தன. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'அன்நோன்' என்று இருந்தது. தளத்திலும் போய்ப் பார்த்தேன், அங்கும் அப்படித்தான். அவர் கணக்கு எப்போதோ இல்லாமல் போயிருக்கிறது, அதோடு பெயரும் போயிருக்கிறது. என் பதில்களில் நான் அவரைப் பெயர் சொல்லி அழைத்திருந்ததால்தான் யாரென்றே அடையாளம் தெரிந்தது. இந்த மாதிரி இழப்பு எனக்கு மட்டும் நடந்ததில்லை. கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டபோது, அதன் வழியாக, கூகுளின் வலைப்பதிவுச் சேவையான பிளாகரின் பதிவுகளில் எழுதப்பட்ட பின்னூட்டங்கள் மொத்தமாகவே போயின. பதிவு இருந்தது, தலைப்பு இருந்தது, எழுதியவர் இருந்தார். கீழே பேசியவர்கள் காணாமல் போனார்கள்.

அன்று இரவு அந்தத் திரையின் முன்னால்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. நான் காப்பாற்ற நினைத்தது என் எழுத்தை என்று எண்ணிக்கொண்டிருந்தேன். என் எழுத்துக்கு ஹார்டு டிஸ்க் தாராளமாகப் போதும். சொல்லப்போனால் பாதியை இழந்தாலும் பாதகமில்லை. கீழே இருப்பது என்னுடையதல்ல. அதை எழுதியவர்கள் என் ஹார்டு டிஸ்க்குக்காக எழுதவில்லை. தங்களைப் போலவே ராத்திரியில் தூக்கம் வராமல் தேடப்போகிற, இன்னும் வராத ஒரு ஆளுக்காக எழுதினார்கள். அவர்கள் அதை என் இடத்தில் வைத்துவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான்.

முகவரிக்கு என்ன மதிப்பு

நகல் இருந்தால் போதும் என்ற வாதம் இங்கேதான் உடைகிறது என்று நினைக்கிறேன். என்னிடம் நகல் இருப்பதால் தேடி வருபவருக்கு ஒரு பயனும் இல்லை. அவர் வருவது ஒரு முகவரிக்கு. அந்த முகவரியை யாரோ ஒரு குழுமத்தில் பகிர்ந்திருக்கிறார், யாரோ தன் பதிவில் சுட்டி கொடுத்திருக்கிறார், யாரோ புத்தகக்குறியாக வைத்திருக்கிறார். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013-இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் 2023 அக்டோபரில் கிடைக்கவில்லை. பத்தே ஆண்டு. எழுத இடம் கொடுத்த தளங்களை நிறுவனங்கள் மூடியதால் போனவை பல. ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில், போஸ்டரஸ் 2013 ஏப்ரலில், அண்மையில் 2025 செப்டம்பர் 30-இல் டைப்பேட். அவற்றை எழுதியவர் நினைத்தாலும் நிறுத்தியிருக்க முடியாது. என் கணக்கின் நிலை வேறு. இடம் கொடுத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், கதவும் திறந்திருக்கிறது. நான் போகாததால் மட்டும் அது மூடிக்கொள்ளும் என்றால் அதை என்னால் ஏற்க முடியவில்லை.

வலைப்பக்கங்களின் நகலைச் சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்கைவ் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். 1996 முதல் அவர்கள் செய்துவரும் வேலைக்கு நான் தலைவணங்குகிறேன். ஜியோசிட்டீஸ் மூடியபோது அவர்களும் ஆர்கைவ் டீம் என்ற தன்னார்வலர் குழுவும் சேகரித்திராவிட்டால் அந்தக் காலத்து இணையத்தில் பெரும்பகுதியை இன்று யாராலும் பார்த்திருக்க முடியாது. என் வலைப்பதிவின் முக்கியமான பக்கங்களை நானே அவர்களுடைய சேமிப்பான வேபேக் மெஷினில் சேர்த்தும் வைத்திருக்கிறேன்; முகவரியைக் கொடுத்துப் பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்தது. ஆனால் சேமித்ததைத் திறந்து பாருங்கள். பின்னூட்டங்கள் நிறைய இருந்தால், 'மேலும் காட்டு' என்று அழுத்தித்தான் மீதி வரும் என்றால், அந்த மீதி பெரும்பாலும் அங்கே வந்திருப்பதில்லை. தவிர, வேபேக் மெஷினுக்குப் போக வேண்டும் என்றால் காணாமல் போன பக்கத்தின் முகவரி முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். சாதாரணத் தேடலில் அது வந்து நிற்காது. புதிதாக ஒருவர் அங்கே கேள்வி கேட்கவும் முடியாது.

சொந்த டொமைன், அதாவது நம் பெயரிலேயே ஒரு வலை முகவரி, வாங்கிவிட்டால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லை என்று ஒரு காலத்தில் எல்லோரும் சொன்னோம். அதற்கும் ஆள் இருந்து புதுப்பிக்க வேண்டும். டாட் காம் போன்றவற்றில் கெடு தாண்டி நீக்கப்பட்டால் மீட்டெடுக்க 30 நாள் அவகாசம் உண்டு, அதுவும் போனால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நான் பெரிதும் மதித்த ஒரு பதிவரின் டொமைன் அப்படிப் போய், இன்று அதே முகவரியில் சூதாட்ட விளம்பரம் ஓடுகிறது. என் பழைய பதிவுகளில் அவருக்கு நான் கொடுத்திருந்த சுட்டிகள் எல்லாம் அங்கேதான் போய் நின்றன. உள்ளே போய் ஒவ்வொன்றாக எடுத்தேன். அதற்கும் என் கணக்கு உயிரோடு இருக்க வேண்டியிருந்தது.

உள்ளே போகும் வழி

தொடர்ந்து வைத்திருப்பது என்று முடிவானபிறகு, இது எதன் மேல் நிற்கிறது என்று பார்த்தேன். வலைப்பதிவு ஒரு மின்னஞ்சல் கணக்கின் மேல். அந்தக் கணக்கின் மீட்பு முகவரியாக அதைவிடப் பழைய ஒரு மின்னஞ்சல். மீட்புக்கான கைப்பேசி எண்ணாக நான் எப்போதோ கைவிட்ட எண். தொலைபேசி நிறுவனங்கள் கைவிட்ட எண்ணைச் சில காலம் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடுகின்றன. ஆக, கடவுச்சொல்லை நான் மறந்தாலோ, வேறு கணினியிலிருந்து நுழைய முயன்றாலோ, சரிபார்ப்பு எண் எனக்குத் தெரியாத ஒருவரின் கைக்குப் போகும். நீக்கப்போவதாக வரும் எச்சரிக்கைக் கடிதமும் அந்தக் கணக்குக்கும் அதன் மீட்பு முகவரிக்கும்தான் அனுப்பப்படுகிறது. இரண்டையும் பார்க்காதவருக்கு அறிவிப்பு வந்தும் வராததுதான். பலரின் வலைப்பதிவுகள் இப்படித்தான் போகும் என்று நினைக்கிறேன். அவர்கள் நீக்க நினைத்திருக்கவே மாட்டார்கள். ஒருநாள் திரும்பிப் போக நினைக்கும்போது வழி இருக்காது. எண்ணை மாற்றினேன், மீட்பு முகவரியை மாற்றினேன், கைப்பேசி கையில் இல்லாதபோது நுழைய உதவும் காப்புக் குறியீடுகளை அச்செடுத்து முக்கியமான காகிதங்களோடு வைத்தேன்.

மறுபக்கமும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். எழுதியது எல்லாம் என்றைக்கும் நிற்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஒருவர் தன் எழுத்தை அழித்துவிட்டுப் போனால் அது அவர் உரிமை. அம்மாவைப் பற்றிய அந்தப் பதிவின் கீழே, தன் கணவரின் நிலையை மிக விரிவாக, ஊர், வேலை எல்லாம் தெரியும்படி எழுதியிருந்தார் ஒரு பெண். பல வருடம் கழித்து எனக்கு மின்னஞ்சல் அனுப்பினார். கணவர் தேறி மறுபடி வேலைக்குப் போகிறார், அவர் பெயரைத் தேடினால் இது வருகிறது, எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். அன்றே எடுத்தேன். நான் உள்ளே போக முடியாதவளாக இருந்திருந்தால் அவர் யாரிடம் கேட்டிருப்பார்? கைவிடப்பட்ட வலைப்பதிவு மறைந்து போவது ஒரு ஆபத்து என்றால், யாரும் பொறுப்பில்லாமல் அப்படியே நிற்பது இன்னொரு ஆபத்து. கணக்கை உயிரோடு வைத்திருப்பதில் இந்த இரண்டாவது காரணம் எனக்கு இப்போது முதல் காரணத்துக்குச் சமமாகத் தெரிகிறது. கீழே எழுதியவர்களுக்கு, வைத்திருக்கச் சொல்லவும் எடுக்கச் சொல்லவும் ஒரு ஆள் வேண்டும்.

அந்த ஆள் நான் இல்லாமல் போனால் என்பதுதான் மிச்சமிருந்த கேள்வி. கூகுளில் செயலற்ற கணக்கு மேலாளர் என்று ஒரு வசதி 2013 முதல் இருக்கிறது. இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. 3 மாதத்திலிருந்து 18 மாதம் வரை ஒரு காலத்தை நாமே குறிக்கலாம். அவ்வளவு நாள் நாம் நுழையாவிட்டால், நாம் சொல்லிவைத்த நம்பிக்கையானவர்களுக்கு, 10 பேர் வரை, தகவல் போகும். நாம் அனுமதித்த தரவுகளை அவர்கள் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் அது தரவைத்தான் கொடுக்கிறது, கணக்கைக் கொடுப்பதில்லை. எனக்கு வேண்டியது முகவரி தொடர்ந்து இருப்பது. அதற்கு பிளாகர், வேர்டுபிரஸ் போன்றவற்றில் எளிய வழி உண்டு. வலைப்பதிவுக்கு இரண்டாவதாக ஒருவரை நிர்வாகியாகச் சேர்த்துவிடலாம். அவர் தன் சொந்தக் கணக்கிலிருந்தே உள்ளே வந்து எல்லாம் செய்யலாம்.

தங்கையைத்தான் சேர்த்தேன். அழைப்பு போனதும் அவள் போன் செய்தாள். "மூடச் சொன்னவளையே காவலுக்கு வச்சுட்டியாக்கா?" என்றாள். அந்தப் பதிவின் பின்னூட்டங்களை முதலிலிருந்து படித்துப் பார்க்கச் சொன்னேன். அடுத்த நாள் மறுபடி கூப்பிட்டபோது வேறு எதுவும் பேசவில்லை, தான் என்னென்ன செய்ய வேண்டும் என்று மட்டும் கேட்டாள். நான் சொன்னது இவ்வளவுதான். வருடத்துக்கு ஒருமுறையாவது உள்ளே போ. மட்டுறுத்தலில் இருப்பதைப் பார், மருந்து விற்பவர்களையும் அதிசயக் குணம் என்று கிளம்புகிறவர்களையும் உள்ளே விடாதே. யாராவது தான் எழுதியதை எடுக்கச் சொன்னால் காரணம் கேட்காமல் எடுத்துவிடு. கேள்வி கேட்டவருக்கு ரொம்ப நாள் பதில் வராவிட்டால், அம்மாவுக்கு நாம் செய்ததில் உனக்கு நினைவிருப்பதை எழுது.